இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து திறந்த மளிகைக் கடை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி என்று இப்போது எங்கு பார்த்தாலும் யோசனை சொல்கிறார்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போ, பசியோடு கடைக்குப் போகாதே, சலுகை வந்தால் மொத்தமாக வாங்கு என்கிறார்கள். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் எல்லாமே தனி ஒரு வீட்டுக்குச் சொல்லும் யோசனைகள். வருமானமே போதாத வீட்டில் பட்டியலை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் அரிசியையும் பருப்பையும் அதிலிருந்து அடிக்க முடியாது.

அப்படிப்பட்ட நிலையில் இருந்த சில ஏழைத் தொழிலாளிகள், ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு, வேறு விதமாக யோசித்தார்கள். அவர்கள் திறந்த ஒரு சின்ன மளிகைக் கடை உலகம் முழுவதும் கிளை விட்டது. நம் சென்னைத் திருவல்லிக்கேணிக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

*கடனும் கலப்படமும்*

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், மான்செஸ்டருக்கு வடக்கே, ராச்டேல் என்று ஒரு ஊர். கம்பளித் துணி நெசவுக்குப் பேர் போனது. "லங்காஷயர் ஆலைத் துணி வந்து நம் நெசவாளர் வயிற்றில் அடித்தது" என்று வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறோம். அதே இயந்திரங்கள் முதலில் அந்த ஊர்க் கைத்தறிக்காரர்களின் வயிற்றில்தான் அடித்தன என்பதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. கூலி ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 1840-களை அந்த நாட்டில் 'பசி நாற்பதுகள்' என்றே சொல்வார்கள். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டிருந்ததால் ரொட்டி விலையும் அதிகம். அந்தத் தானியச் சட்டம் 1846-ல்தான் நீக்கப்பட்டது.

கூலி குறைவு என்பது பாதிக் கதைதான். வாங்கிய கூலியை எங்கே, எப்படிச் செலவழித்தார்கள் என்பது மீதிக் கதை.

சில முதலாளிகள் கூலியைக் காசாகக் கொடுக்காமல் சரக்காகவோ, தங்கள் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகவோ கொடுத்தார்கள். 1831-ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அது முழுதாக ஒழியவில்லை. மற்றவர்களுக்கு ஊர்க் கடையில் பற்றுக் கணக்கு. வாரக் கடைசியில் கூலி வந்ததும் பழைய பாக்கிக்குக் கட்டிவிட்டு, அடுத்த நாளே மறுபடி பற்று எழுத வேண்டியதுதான். பாக்கி வைத்திருப்பவன் விலை கேட்க முடியுமா? தராசைப் பார்க்க முடியுமா? வேறு கடைக்குப் போக முடியுமா? கடைக்காரர் கொடுத்ததுதான் சரக்கு, சொன்னதுதான் விலை.

நம் ஊரிலும் மளிகைக் கடைப் பற்று நோட்டோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தொல்லை கலப்படம். மாவு வெள்ளையாகத் தெரியப் படிகாரம், எடை கூடச் சுண்ணாம்புத் தூள். ஒருமுறை கொதிக்க வைத்த தேயிலையை உலர்த்தி மறுபடி விற்பது. ஃபிரெடரிக் அக்கம் என்ற வேதியியலாளர் 1820-லேயே இந்தக் கலப்படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். 1850-களின் தொடக்கத்தில் ஆர்தர் ஹில் ஹசால் என்ற மருத்துவர் கடைச் சரக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 'லான்செட்' மருத்துவ இதழில் விற்றவர்களின் பெயரோடு வெளியிட்டார். கலப்படத் தடைச் சட்டம் 1860-ல்தான் வந்தது. அது பல் இல்லாத சட்டமாக இருந்ததால் 1875-ல் வேறு சட்டம் கொண்டு வந்தார்கள். கலப்படச் சரக்கு வாங்குபவன் இரண்டு முறை ஏமாறுகிறான்: காசும் போகிறது, உடம்பும் கெடுகிறது.

*வாரம் இரண்டு பென்ஸ்*

1843 கடைசியில் ராச்டேல் நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கிடைக்கவில்லை. போராட்டம் தோற்றது. வரவைக் கூட்ட முடியவில்லை என்றால் செலவுப் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று சிலர் கூடிப் பேசினார்கள். நெசவாளரோடு வேறு தொழில் செய்பவர்களும் அதில் இருந்தார்கள். ராபர்ட் ஓவனின் கூட்டு வாழ்க்கைக் கருத்துகளைப் படித்தவர்கள் சிலர். வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தார் சிலர்.

நாமே கடை வைப்போம் என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கு 1 பவுண்டு பங்கு. ஆனால் 1 பவுண்டுக்கு எங்கே போவது? வாரம் 2 பென்ஸ் தண்டினார்கள். பிறகு அதை 3 பென்ஸ் ஆக்கினார்கள்.

வாத்தியார் புத்தி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்றைய 1 பவுண்டு 20 ஷில்லிங். 1 ஷில்லிங் 12 பென்ஸ். ஆக 1 பவுண்டு 240 பென்ஸ். வாரம் 2 பென்ஸ் கட்டினால் 120 வாரம் ஆகும், அதாவது இரண்டு ஆண்டுக்கும் மேல். 3 பென்ஸ் கட்டினால் 80 வாரம். ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். நம் பெண்கள் சீட்டுப் பணம் தண்டுவது போலத்தான். கூடச் சேர்ந்தது கொஞ்சம் கடன். ஒருவழியாக 28 பேர், 28 பவுண்டு என்று கணக்கு வந்தது.

டோட் லேன் என்ற தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குப் பிடித்தார்கள். ('டோட்' என்றால் தேரை. ஆனால் இதைத் தேரைத் தெரு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். 'பழைய தெரு' என்பதை அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிச் சொல்லி மருவிய பெயர் என்பார்கள்.) மீதிப் பணத்தில் சரக்கு வாங்கினார்கள். 28 ராத்தல் வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, ஆறு அந்தர் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. நம் கணக்கில் வெண்ணெய் 13 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, சர்க்கரை 25 கிலோ, கோதுமை மாவு 300 கிலோ. மொத்தச் சரக்கு மதிப்பு 16 பவுண்டு 11 ஷில்லிங் 11 பென்ஸ்.

1844 டிசம்பர் 21, சனிக்கிழமை இரவு கடை திறந்தது. தெருப் பையன்கள் கூடி நின்று கேலி செய்தார்களாம். இத்தனை சின்னச் சரக்கை வைத்துக்கொண்டு கடையா என்று. தொடக்கத்தில் வாரத்தில் இரண்டு நாள், மாலை நேரத்தில் மட்டும்தான் கடை. பகலெல்லாம் உறுப்பினர்களுக்கு வேலை இருந்தது.

*விலையைக் குறைக்கவில்லை*

இங்கேதான் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. ஏழைகள் நடத்தும் கடை, ஆகவே விலை குறைவாக விற்றிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஊரில் என்ன விலையோ அதே விலை. சில சமயம் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருந்தது.

காரணம் உண்டு. விலையைக் குறைத்தால் பெரிய கடைக்காரர்கள் இன்னும் குறைப்பார்கள். 28 பவுண்டு முதலோடு அந்தப் போட்டியில் ஒரு மாதம் தாங்க முடியாது. அதனால் ஊர் விலைக்கு விற்று, செலவு போக மிஞ்சும் லாபத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக் கொடுத்தார்கள். எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் சூட்சுமம். போட்ட முதலுக்கு 5 சதவீத அளவில் வட்டி, அவ்வளவுதான். மீதி லாபம், யார் எவ்வளவுக்குச் சரக்கு வாங்கினார்களோ அந்த அளவுக்கு. அதிகம் முதல் போட்டவருக்கு அதிக லாபம் என்ற வழக்கத்தை மாற்றி, அதிகம் வாங்கியவருக்கு அதிக லாபம் என்று ஆக்கினார்கள். பிள்ளைக்குட்டி அதிகமுள்ள வீடுதான் அதிகம் வாங்கும். ஆக, யாருக்குத் தேவை அதிகமோ அவர்களுக்கே அதிகம் திரும்பி வந்தது.

1860-களில் இந்தப் பங்கு ஒரு பவுண்டு கொள்முதலுக்கு இரண்டரை ஷில்லிங் அளவுக்கு இருந்தது. அதாவது எட்டில் ஒரு பங்கு. வாரம் 10 ஷில்லிங்குக்கு மளிகை வாங்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 13 வாரத்தில் 130 ஷில்லிங். திரும்பக் கிடைப்பது 16 ஷில்லிங் 3 பென்ஸ். ஆண்டுக்கு 65 ஷில்லிங். ஆறரை வார மளிகை! ஒரு வேளைச் சோற்றைக்கூடக் குறைக்காமல், சாப்பிட்டதிலிருந்தே சேர்ந்த சேமிப்பு அது. மொத்தமாகக் கையில் வருவதால் பிள்ளைக்குச் செருப்போ, குளிருக்குப் போர்வையோ வாங்க முடிந்தது. வேண்டாதவர்கள் அதைச் சங்கத்திலேயே விட்டு வைத்தார்கள். பங்குப் பணம் தானாக வளர்ந்தது.

*நான்கு கட்டுப்பாடுகள்*

முதலாவது, ரொக்கம் மட்டும். கடன் கிடையாது. இது அனுபவத்தில் கற்றது. அதே ஊரில், அதே தெருவில், 1833-ல் ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கி, உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்தே இரண்டு ஆண்டில் மூழ்கியது. இந்த முறை ஏமாறவில்லை. ஆனால் இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. பழைய கடையில் பாக்கி இருந்த உறுப்பினர்கள், தங்கள் சொந்தக் கடையிலேயே வந்து வாங்க முடியாமல் தவித்தார்கள். பாக்கியை அடைத்தால்தான் விடுதலை. பரம ஏழைகள் பலர் இந்தக் கட்டுப்பாட்டால் வெளியே நின்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

இரண்டாவது, சுத்தமான சரக்கு, சரியான எடை. தங்களுக்குத் தாங்களே விற்கும்போது யாரை ஏமாற்றுவது? நல்ல மாவு வெளியில் கிடைக்காததால் 1850-ல் மாவு அரைக்கும் ஆலையே தொடங்கினார்கள். கலப்படமில்லாத மாவு பழுப்பாக இருந்ததாம். படிகார வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு அது பிடிக்கவில்லை. பாலிஷ் போடாத அரிசியைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளிப்பது நினைவுக்கு வருகிறது அல்லவா?

மூன்றாவது, ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒன்றுதான். பெண்களுக்கும் உறுப்பினர் உரிமை இருந்தது. 1846-லேயே எலைசா பிரையர்லி என்ற பெண் உறுப்பினரானார். அந்தக் காலத்தில் திருமணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுக்குச் சொந்தம். அது மாறத் தொடங்கியது 1870-ல். பாராளுமன்றத் தேர்தலில் அந்நாட்டுப் பெண்கள் வாக்களித்தது 1918-ல். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே ஒரு மளிகைக் கடையில் அந்த உரிமை வந்துவிட்டது.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்தது. லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கு கல்விக்கு. கடைக்கு மேலே வாசகசாலை, நூலகம். அரசாங்கம் ஊர்தோறும் பள்ளி அமைக்கச் சட்டம் கொண்டு வந்தது 1870-ல்தான். அதற்குள் இவர்கள் மாவு விற்ற லாபத்தில் புத்தகம் வாங்கி அடுக்கிவிட்டார்கள்.

முதல் ஆண்டு முடிவில் உறுப்பினர் 74 பேர். மெதுவாகத்தான் வளர்ந்தது. 1849-ல் அந்த ஊர்ச் சேமிப்பு வங்கி முறிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த ஏழைகளின் பணம் போயிற்று. நம்பிக்கையான இடம் தேடி மக்கள் சங்கத்துக்கு வந்தார்கள். 140 ஆக இருந்த உறுப்பினர் தொகை அந்த ஆண்டு 390, அடுத்த ஆண்டு 600 ஆனது. 1863-ல் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து மான்செஸ்டரில் மொத்தக் கொள்முதல் சங்கம் அமைத்தன. சில்லறை வியாபாரியின் லாபம் மட்டுமல்ல, மொத்த வியாபாரியின் லாபமும் மிச்சம்.

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைக்க வேண்டாம். 1854-ல் இதே ஆட்கள் முன்னின்று ஒரு நூற்பாலை தொடங்கினார்கள். வேலை செய்பவர்களுக்கும் லாபத்தில் பங்கு என்று வைத்தார்கள். வெளியிலிருந்து பங்குதாரர்கள் நிறையச் சேர்ந்ததும், 1862-ல் அந்தப் பங்கை வாக்கெடுத்து நீக்கிவிட்டார்கள். கூட்டுறவு என்று பெயர் வைத்தால் போதாது. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் இருக்க வேண்டும்.

*திருவல்லிக்கேணிக்கு வந்த கதை*

இனி நம் ஊர். 1892-ல் சென்னை மாகாண அரசு, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, விவசாயிகளின் கடன் தொல்லைக்கு வழி காணச் சொல்லி நியமித்தது. ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். 1904-ல் இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. ஆனால் அது கடன் சங்கங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். மற்றவகைச் சங்கங்களுக்கும் முறையாக இடம் தந்தது 1912-ம் ஆண்டுச் சட்டம்.

அந்த 1904-லேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிவிட்டது. 'டி.யு.சி.எஸ்.' என்றால் பழைய சென்னைவாசிகளுக்கு உடனே தெரியும். நம் நாட்டு நுகர்வோர் கூட்டுறவுக் கடைகளுக்கு முன்னோடி அதுதான். அதைத் தொடங்குவதில் முன்னின்றவர் மகாகனம் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, ஆங்கிலப் பேச்சாற்றலால் உலகப் புகழ் பெற்றவர். அந்தப் பெருமையெல்லாம் பிறகு வந்தது. அரிசி, பருப்பு, எண்ணெயை நியாய விலையில் எப்படிக் கொடுப்பது என்று யோசித்தபோது அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்!

மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த பகுதியில் அந்தச் சங்கம் வேர் பிடித்ததில் வியப்பில்லை. முதல் தேதி சம்பளம், இருபதாம் தேதி வெறும் கை என்பது அன்றும் இருந்த நோய்தானே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேஷன் வந்தது. கூட்டுறவுப் பண்டகசாலைகள் பெருகின. 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டுப்பாட்டுச் சரக்கை மட்டும் நம்பியிருந்த பல பண்டகசாலைகள் நலிந்தன. 1962 சீனப் போருக்குப் பிறகு விலைவாசி ஏறியதால் மத்திய அரசு மறுபடி நுகர்வோர் கூட்டுறவுக்குக் கை கொடுத்தது. சென்னையில் காமதேனு, கோவையில் சிந்தாமணி, மதுரையில் பாண்டியன் என்று பெயர் சொல்லும் கூட்டுறவு அங்காடிகள் வந்தன. இன்று நம் தெருவில் இருக்கும் ரேஷன் கடையின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவைதான்.

ஆனால் ஒரு வேறுபாடு. ராச்டேலில் கடை கீழிருந்து முளைத்தது. வாரம் 2 பென்ஸ் கொடுத்தவன் அதைத் தன் கடையாகப் பார்த்தான், கணக்குக் கேட்டான். நம்மிடம் பெரும்பாலும் மேலிருந்து வந்தது. அதனால் எடை குறைந்தால் முணுமுணுக்கிறோம். நம் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. பலருக்குத் தாம் உறுப்பினரா என்பதே தெரியாது.

*இன்று நாம் என்ன செய்யலாம்?*

பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு தெருவில் நாலைந்து குடும்பம் சேர்ந்தால் போதும். மாதம் ஒருமுறை அரிசி மூட்டை, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் இவற்றை மொத்த விலைக் கடையில் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். விளையும் காலத்தில் ஆண்டுக்குத் தேவையான புளியையும் மிளகாயையும் வாங்கிக் காய வைத்து எடுத்து வைப்பது நம் பாட்டிமார் செய்ததுதானே. கணக்கு ஒருவர், கொள்முதல் ஒருவர், மாதம் மாதம் மாற்றிக்கொள்ள வேண்டும். ரொக்கம் மட்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த 1833-ம் ஆண்டுக் கடை நினைவிருக்கட்டும்.

மகளிர் குழு இருக்கும் ஊர்களில் இது இன்னும் எளிது. சேமிப்புப் பழக்கமும் கணக்கு நோட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. மிச்சமாகும் தொகையை அன்றன்றே செலவழிக்காமல், ராச்டேல்காரர்களைப் போல மூன்று மாதம் சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். மாதம் 150 ரூபாய் என்றால் கையில் தங்காது. மூன்று மாதத்துக்கு 450 என்று மொத்தமாக வந்தால் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்காவது ஆகும்.

கடன் அட்டையிலும், 'இப்போது வாங்கு, பிறகு கொடு' என்று கைபேசியிலும் மளிகை வாங்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பற்று நோட்டு ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாக்கி இருக்கும் இடத்தில் பேரம் பேச முடியாது என்பது 1844-லும் உண்மை, இன்றும் உண்மை.

டோட் லேனில் அந்தக் கடை இருந்த கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. வெண்ணெயும் மாவும் விற்ற இடத்தைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

உங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் பொருள் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். நல்லதும் எழுதலாம், குறையும் எழுதலாம். தெருவில் கூட்டுக் கொள்முதல் செய்து பார்த்தவர்கள் இருந்தால், எது சரியாக நடந்தது, எதில் சண்டை வந்தது என்று அவசியம் சொல்லுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும்.